பொம்மையின் தரம் எது?

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது முதுமொழி. விண்வெளி வீரர், இயந்திர மனிதர் பொம்மைகளுக்கும் இது பொருந்தும் என்பதே எங்கள் கருத்து.

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் பாத்திரங்களை, 1978இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் மூன்றே முக்கால் அங்குலப் பொம்மைகளாக விற்றது. அட்டை பிரிக்காமல் இருந்தால் சேகரிப்போர் அவற்றுக்குப் பெரும் விலை தருகின்றனர். பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம்! குழந்தையின் கை படாத பொம்மைக்கு விலை உண்டு, பயன் உண்டோ?

மாங்காய்ப் பூட்டுக்குப் பெயர் பெற்ற திண்டுக்கல்லில் வாழும் நாம், பளபளப்பைப் பார்த்தா பூட்டு வாங்குகிறோம்? சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கிறோம். பொம்மையையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். துணையின்றி நிற்கிறதா? மூட்டுகள் தொளதொளவென்று ஆடாமல் திரும்புகின்றனவா? சாயம் கோடு தாண்டி வழிந்துள்ளதா? வார்ப்பின் விளிம்பு கையைக் கீறுமா? கழன்று விழும் சிறு துண்டைக் குழந்தை விழுங்கிவிடுமா? 14 வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதையும் தேடுவோம்.

மேலும், கென்னரின் முதல் 12 பொம்மைகளில் பெண் லேயா இளவரசி ஒருத்தியே. “இவை ஆண்பிள்ளை விளையாட்டு” என்று எங்களை ஒதுக்குவோர் இன்றும் உளர். மூட்டையும் சாயத்தையும் ஆராயக் கண்ணும் கையும் போதும். அவை எங்களுக்கும் உண்டு.

அன்புப் பெற்றோரே, தம்பி கேட்கும் பொம்மையை வாங்குமுன் எங்கள் கையிலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். பெட்டியின் படத்தைக் கண்டு பணத்தைக் கொடாதீர்கள். உழைத்துச் சேர்த்த காசுக்கு உறுதியான பொருளே தகும்!