ஆச்சியின் படம் எங்கே?

சென்ற ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஆச்சி காலமானார்கள். மாலையிட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். அக்காள் திருமணத்தில் பட்டுடுத்திச் சிரித்த நல்ல படம் ஒன்று உண்டு, அனைவரும் அறிவோம். அது எங்கே? பெரியப்பாவின் பழைய கைப்பேசியில் இருந்ததாம். கைப்பேசியோ என்றோ பழுதாகிவிட்டது. முடிவில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலையிட்டோம். எண்பது ஆண்டு வாழ்ந்த மூதாட்டிக்கு எஞ்சியது அதுதானா?

நண்பர்களே, நாம் பயிலும் இந்த ஐதராபாத்தில் ஆறாம் நிசாமின் அரசவைப் படப்பிடிப்பாளராக விளங்கியவர் ராஜா தீன் தயாள். அவர் 1905இல் மறைந்தார். அவருடைய கண்ணாடித் தகடுகள் 2,857ஐ 1989இல் டில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கிக் காத்து வருகிறது. மன்னர் படத்தைக் காக்க மையம் உண்டு. ஆச்சி படத்தைக் காக்க யார் உளர்? நாமே!

“இணைய நிறுவனம் காக்காதோ?” என்பீர்கள். காக்கும், வாடகை தரும்வரை! கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாக அளித்துவந்த இடத்தை 2021 சூன் 1 முதல் நிறுத்திற்று. 15 ஜி.பி. நிரம்பினால் பணம் கட்ட வேண்டும்.

ஆகவே வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி வைப்பது நன்று. வன்தட்டுகள் கொண்ட சிறு கணினியே அது. வீட்டு ரூட்டரோடு இணைத்துவிட்டால் வீட்டார் அனைவர் கைப்பேசிக்கும் அது பொதுப் பெட்டகம். காணும் உரிமையை எல்லோருக்கும் தரலாம். அழிக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் வைக்கலாம். செகந்திராபாத்திலுள்ள எங்கள் வீட்டில் பழைய கணினி ஒன்றை அவ்வாறு மாற்றியிருக்கிறேன்.

ஆனால், பெட்டி வந்ததும் கவலை தீர்ந்தது என்று எண்ணுவது பேதைமை. அதே 2021 சூன் திங்களில், இணையத்தோடு இணைந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பல, வெளியிலிருந்து வந்த தாக்குதலால் வெறுமையாயின. 2015க்குப் பின் அவற்றின் மென்பொருள் புதுப்பிக்கப்படவே இல்லை! ஒரே பெட்டியில் இரு தட்டுகளில் இணையாகப் பதிவு செய்தாலும், தவறி ஒன்றில் அழித்தது மற்றதிலும் அழியும். வெள்ளம் புகுந்தால் இரண்டும் நனையும்.

எனவே என் கருத்து இது: குடும்பப் படம் ஒரு வீட்டின் உடைமையன்று, ஒரு வீட்டில் மட்டும் அது இருத்தலாகாது. தனித் தட்டில் ஒரு படி எடுத்து, பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் வைத்திருக்கிறோம். பொங்கல்தோறும் அதைப் புதுப்பிப்பதாக ஏற்பாடு.

இன்னொன்றும் உண்டு. பழைய படம் ஒன்றில் பதினொருவர் நிற்கின்றனர். நால்வர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. ஆச்சி இருந்தால் சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை.

தோழர்களே, இவ்விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அலமாரியைத் திறவுங்கள், பெரியோரிடம் கேளுங்கள், பெயர்களைக் குறியுங்கள். பெட்டியைப் பிறகு வாங்கலாம். பெட்டி காத்திருக்கும், பெரியோர் காத்திரார்!