நிழலுக்கும் தீட்டா?

தொட்டால் தீட்டு, கிட்ட வந்தால் தீட்டு, கண்ணில் பட்டால் தீட்டு என்று மனிதனுக்கு மனிதன் வகைவகையாகத் தீட்டுக் கற்பித்து வைத்திருந்தவர்கள், வெள்ளைத் துணியில் விழும் நிழலுக்கும் ஒரு தீட்டைக் கண்டுபிடித்த சங்கதி நம்மில் பலருக்குத் தெரிந்திராது. அதற்குப் பலியானவர் பி. கே. ரோசி அம்மையார்.

நாகர்கோவில் பக்கத்துக்காரரான ஜே. சி. டேனியல் என்பவர் தம் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ வைத்து, 'விகதகுமாரன்' என்னும் பேசாப் படத்தை எடுத்தார். மலையாளிகளின் முதல் சினிமா அதுதான். அதன் கதாநாயகி ரோசி, புலையர் வகுப்பில் பிறந்தவர், புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் பழகியவர். அவருக்குக் கிடைத்த வேஷமோ சரோஜினி என்னும் நாயர் பெண்.

1930ஐ ஒட்டித் திருவனந்தபுரம் காப்பிடல் கொட்டகையில் படம் காட்டப்பட்டது. கதாநாயகியே உள்ளே வரக்கூடாதென்று தடுக்கப்பட்டார். புலைச்சி நாயர் ஸ்திரீயாக நடிப்பதா என்று கூட்டம் திரையின்மேல் கல்லெறிந்தது. அதோடும் விடாமல் அவர் குடிசைக்கு நெருப்பு வைத்தார்கள். உயிர் தப்பி ஓடிய அம்மையார் நாகர்கோவிலில் யாரென்று வெளிக்காட்டாமல் வாழ்ந்தார், மறுபடி நடிக்கவேயில்லை. தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்த அதே திருவிதாங்கூரில்தான் இது நடந்தது.

தோழர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். பேசாப் படத்தில் குரல் கிடையாது. நிழல் எவரையும் தொடுவதுமில்லை. பின் எது தீட்டாயிற்று? வேஷம் பொருந்தாமல் போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பொருந்திவிட்டதே, அதுதான் பொறுக்கவில்லை! ஒரு சேலையை மாற்றிக் கட்டியதும் புலைச்சி நாயர் பெண்ணாகத் தோன்றுவாளானால், ஜாதி ரத்தத்தில் இருக்கிறதா, சேலையில் இருக்கிறதா? அவர் அறுத்த புல்லைத் தின்ற மாட்டின் பாலுக்கு இல்லாத தீட்டு, அவர் நிழலுக்கு எங்கிருந்து வந்தது?

நிற்க, டேனியலும் நஷ்டமடைந்து ஸ்டூடியோவை இழந்து, 1975இல் காலமானார். 1992 முதல் கேரள அரசாங்கம் அவர் பேரால் விருது கொடுத்து வருகிறது, அது நியாயமே. ஆனால் ரோசியின் நடிப்பைப் பார்க்க இன்று அந்தப் படத்தின் பிரதிகூட இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்பார்கள். 2024இல் நமது பள்ளிக்கரணையிலேயே ஜாதி மாறி மணம் செய்துகொண்ட வாலிபர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டாரே, அதுவும் பழங்கதைதானா? இன்று திரையில் ஜாதி கடந்த காதலைக் கண்டு கை தட்டுகிறோம். நல்லது. படம் முடிந்து வீட்டுக்குப் போனதும், சொந்த மகள் அதையே சொன்னால் அந்தக் கை தட்டுமா, கல்லெடுக்குமா? ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்.