முகக்கவசத்தைக் கழற்றியவர்கள், மூக்கைப் பொத்தும் கையை எடுக்கவில்லை

பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் இருளர் குடியிருப்பில் கூட்டம் போட்டிருந்தோம். சாதிச் சான்றிதழும் வீட்டுமனைப் பட்டாவும் பற்றிய கூட்டம். முப்பது பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு பாட்டி மட்டும் முகக்கவசம் போட்டிருந்தார். துவைத்துத் துவைத்து நிறம் போன துணிக் கவசம். எங்களோடு வந்த கல்லூரித் தம்பி ஒருவர், "இன்னா ஆயா, கொரோனா போயி எவ்ளோ நாளாச்சு, இன்னும் மாஸ்க் போட்டுனு இருக்கீங்க?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், அதை மறைக்கவில்லை.

பாட்டி சொன்னார்: "எனக்கு டிபின்னு மாத்திரை குடுத்துக்கீறாங்கப்பா. புள்ளைங்க பக்கத்துல குந்திக்கீதுங்களே, அதுங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான்."

பிறகு யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எங்களுக்குள் பேச்சு இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குத் தெரிந்த விஷயம், இரண்டு வருடம் அபராதம் கட்டிய ஒரு மாநிலத்துக்கு ஏன் தெரியவில்லை? சமூகவியல் படித்த நமக்கே ஏன் சிரிப்பு வந்தது?

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 செப்டம்பரில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்றது தமிழக அரசு. 2022 ஜனவரியில் அது 500 ஆனது. அந்த வருடம் மார்ச் 31-ஓடு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு போட்ட கட்டுப்பாடுகள் முடிந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் தமிழக அரசும் கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டது. அதே மாதம் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் தொற்று பரவியதும் மறுபடியும் 500 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் அதற்குள் மக்கள் மனதில் கவசம் கழன்றுவிட்டது. போலீஸ் நின்றால் கர்ச்சீப்பை மூக்குக்கு ஏற்றுவது, ஜீப் போனதும் கழுத்துக்கு இறக்குவது. அவ்வளவுதான் நாம் கற்றுக்கொண்ட சுகாதாரம்.

இதற்கு மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. முகக்கவசம் நம்மிடம் மருந்தாக வரவில்லை, லத்தியோடு வந்தது. இருளர் பெண்கள் ஏரியில் எப்படி இறால் பிடிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, பிடித்த இறாலைப் பறியில் போடுவார்கள். அந்தப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். வாயே ஒரு கையாக வேலை செய்யும் தொழில் இது. அப்படிப் பிடித்ததை விற்கக் கரையேறி ரோட்டுக்கு வந்தவரை நிறுத்தி, "மாஸ்க் எங்கே, எடு இருநூறு" என்றால் அவர் சுகாதாரத்தையா கற்றுக்கொள்வார்? அன்றைய இறால் விலை அந்த இருநூறுக்குப் போதாத நாட்கள் உண்டு.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்ற பேரில்தான் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உயிரோடு திரும்பவில்லை. நோய்க்காலத்தின் விதிகள் யார் கையில் இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆகவே "விதி போனது விடுதலை" என்று நம் தோழர்கள் சொல்லும்போது அதில் உள்ள உண்மையை நாங்கள் மறுக்கவில்லை. அந்த அபராதம் திரும்பி வர வேண்டும் என்றும் கேட்கவில்லை.

ஆனால் விதியைத் தூக்கிப்போட்ட கையோடு எதைத் தூக்கிப்போட்டோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

நம் மக்களுக்கு வாயை மூடுவது புதிதில்லை. ஊருக்குள் போனால் துண்டை இடுப்பில் கட்டு, கைகட்டு, வாய்பொத்திப் பேசு. இது நம் தாத்தாக்கள் காலத்தோடு முடிந்த கதை என்று யாராவது சொன்னால், எந்த ஊரில் முடிந்தது என்று திருப்பிக் கேளுங்கள். அண்ணல் அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் பேஷ்வாக்களின் பூனாவைப் பற்றி எழுதுகிறார். தீண்டப்படாதவர் தன் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். தன் காலடித் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கலயம் எந்த நோயைத் தடுத்தது? ஒரு நோயையும் இல்லை. நம் எச்சிலே நோய் என்று அறிவித்த கலயம் அது. அதனால்தான் 2020-ல் "சமூக இடைவெளி" என்ற சொல்லை அரசு ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் சொன்னபோது நமக்குச் சுருக்கென்றது. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது அதுதானே!

இது முதல் வகை மூடல். நாம் அவர்கள் முன் வாயைப் பொத்துவது.

இரண்டாவது வகை, அவர்கள் நம் முன் மூக்கைப் பொத்துவது. 2021 டிசம்பரில், முகக்கவசம் கட்டாயமாக இருந்த அதே நாட்களில், குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை "நாற்றம் அடிக்கிறது" என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பேருந்து நிலையத்திலேயே நின்று நியாயம் கேட்டது காணொளியாகப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த சில நாளில் நாகர்கோவிலில் நரிக்குறவர் குடும்பம் ஒன்றைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட காணொளி வந்தது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் வழியில் கூடையோடு ஏறும் நம் பெண்களுக்கு இதெல்லாம் செய்தியே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போவதையும், புடவைத் தலைப்பு மூக்குக்குப் போவதையும் அவர்கள் தினம் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டு மூடலுக்கும் அரசாணை கிடையாது, அபராதம் கிடையாது, முடிவுத் தேதியும் கிடையாது. பல நூறு வருடமாகக் கச்சிதமாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன. தமிழ்ச் சமூகத்துக்குக் கட்டுப்பாடு வராது என்று யார் சொன்னது?

முகக்கவசம் மூன்றாவது வகை. அதன் கணக்கு வேறு. என் மூச்சில் உனக்கு ஆபத்து இருக்கலாம், உன் மூச்சில் எனக்கு ஆபத்து இருக்கலாம், ஆகவே இருவரும் மூடுவோம். கலெக்டரும் மூட வேண்டும், கலெக்டர் அலுவலகத்தைப் பெருக்குபவரும் மூட வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்பதை இன்றும் பாடு முறை தீர்மானிக்கிறது. பட்டினவர் கிராமங்களுக்கு உரிய அந்தப் பாட்டில் தலித் மீனவருக்கும் இருளருக்கும் இடமில்லை. ஒரே தண்ணீரில் சமமில்லை. ஆனால் ஒரே காற்றில் எல்லோரும் சமம் என்று ஒரு துண்டுத் துணி சொன்னது. பிறப்பைப் பார்க்காமல் எல்லோரும் எல்லோருக்கும் ஆபத்து, எல்லோரும் எல்லோருக்கும் பொறுப்பு என்று இந்த நாட்டில் போடப்பட்ட வெகுசில விதிகளில் அது ஒன்று. நடைமுறையில் லத்தி நம் மீதுதான் விழுந்தது. ஆனாலும் அந்தக் கருத்து நம்முடைய கருத்து. அதைத்தான் அம்பேத்கர் சகோதரத்துவம் என்றார்.

விதி முடிந்ததும் இந்த மூன்றில் எது போனது? வாய் பொத்துவது போகவில்லை. மூக்கைப் பொத்துவது போகவில்லை. மூன்றாவது மட்டும் போனது. அது மட்டும்தான் எல்லோருக்கும் சுமையாகத் தெரிந்தது.

இப்போது உரிமைக் கணக்குக்கு வருவோம். நம் மக்கள் முகக்கவசம் இல்லாமல் இருந்தபோது அபராதம் போட்ட அரசு, நம் மக்களுக்கு முகக்கவசம் தேவைப்பட்டபோது என்ன செய்தது?

பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கடலோரத்தில் எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்தது. அதை அள்ளியது யார்? மீனவர்கள். வாளியும் மக்கும் கொண்டு, பலர் வெறுங்கையோடு, மூக்கில் ஒன்றும் இல்லாமல். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடினார்கள். முகக்கவசம் இல்லையென்று ஒரு வருடம் முன்பு 500 ரூபாய் கேட்டவர்கள், அந்த எண்ணெயில் இறங்கியவர்களுக்கு உரிய கவசத்தைக் கொடுத்துவிட்டல்லவா இறக்கியிருக்க வேண்டும்? யாருக்கு அபராதம் போடுவது?

மலக்குழிக்கு வாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டத்தின் விதிகளில், துப்புரவுப் பணியாளருக்கு என்னென்ன பாதுகாப்புக் கருவிகள் தர வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. முகக்கவசம் அதில் உண்டு. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறந்தவர்களின் கணக்கை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்தபோது தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. கடைவீதியில் கவசம் இல்லாதவனைப் பிடிக்க ஆள் இருந்தது. கவசம் கொடுக்காத ஒப்பந்ததாரரைப் பிடிக்க ஆள் இல்லை.

பாட்டியின் காசநோய்க்கு வருவோம். காசநோயாளிகளின் சத்துணவுக்கு ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில்தான் அது ஆயிரம் ஆனது. 2022-ல் முகக்கவசம் இல்லாததற்கு அபராதமும் 500 ரூபாய். ஒரு மாதம் முழுக்க ஒரு நோயாளியின் நுரையீரலுக்கு அரசு போட்ட விலையும், ஒரு தடவை ரோட்டில் நம்மிடம் பிடுங்கிய பணமும் ஒன்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. அடுத்த தொற்று வரும்போது உதவும்.

"போட விருப்பமில்லை, நெஞ்சுரம் இருக்கிறது, நமக்கெல்லாம் ஒன்றும் வராது" என்று பேசும் தம்பிகளுக்கு ஒரு வரலாறு. 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அதை ஒடுக்க அனுப்பப்பட்டவர் நம் மலேயாத் தமிழர்களுக்குத் தெரிந்த பினாங்கில் பிறந்த சீன மருத்துவர் வூ லியன் தே. நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டு, பஞ்சு வைத்துத் தைத்த துணிக் கவசத்தை எல்லோரையும் போடச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர், ஒரு சீனன் சொல்லி நான் கேட்பதா என்று அவரை அவமதித்தார் என்று வூ பின்னாளில் எழுதியிருக்கிறார். கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்த மெஸ்னி சில நாட்களில் பிளேக்கில் இறந்தார். அது இனத்திமிர். எவன் மூச்சும் என்னைத் தொடாது என்கிற திமிர். நம் ஊரில் அதற்குச் சாதி என்று பெயர். அந்தத் திமிரை வீரம் என்று நம் பிள்ளைகள் இரவல் வாங்கக் கூடாது.

நாங்கள் சொல்வது இதுதான். எப்போதும் எல்லோரும் போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஏரிக்காற்றில் வலை இழுப்பவருக்கு அது தேவையும் இல்லை. இருமல் இருந்தால் போடுவோம். மருத்துவமனைக்குள் போடுவோம். வீட்டில் காசநோயாளி இருந்தால், கைக்குழந்தை இருந்தால், டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால் யோசித்துப் போடுவோம். போட்டவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம். அவருக்கு நோயா என்று விசாரிக்கவும் மாட்டோம். இதற்குப் போலீஸ் தேவையில்லை.

அதோடு கேட்போம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரையோடு முகக்கவசமும் கொடு என்று கேட்போம். குப்பை அள்ளும் அக்காவுக்கு, சாக்கடை அடைப்பு எடுக்கும் அண்ணனுக்கு எத்தனை கவசம் கொடுத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் மனுப் போடுவோம். கல்லூரி மாணவர்களால் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை இது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கட்டணம், அவ்வளவுதான்.

அந்தத் தம்பி மறுவாரம் அதே குடியிருப்புக்குப் போனார். மருந்துக்கடையில் ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கிக்கொண்டு போய்ப் பாட்டியிடம் கொடுத்தார். பாட்டி அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்து வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்கச் சொன்னாராம்.

ஜெய்பீம்.