அச்சுவேலியில் ஒரு பழைய பிஸ்டல் வாங்கலாமா?

அச்சுவேலிச் சந்தைக்கு அருகில் உள்ள தேநீர்க்கடையில், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஒரு பழைய பிஸ்டல் இருக்காம். பிடி மாத்தி, குழல் மாத்தி, கைக்கு அடக்கமாச் செய்த சாமானாம். தனிய இருக்கிற எனக்கு அது ஒரு பாதுகாப்புத்தானே?"

அவருடைய பிள்ளைகள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். மனைவி இறந்துவிட்டார். பெரிய வீடு, நீண்ட வளவு, இரவில் ஒரேயொரு லைட். இப்படியான வீடுகள் வலிகாமத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு.

கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. ஆவா குழு முதலான வாள்வெட்டுக் கும்பல்களின் பெயர்களைக் கேட்டே குடாநாட்டில் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. தெற்கிலிருந்து வரும் செய்திகளும் பயத்தைக் கூட்டுகின்றன. 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவர் 'கணேமுல்ல சஞ்சீவ' என்பவரைச் சுட்டுக்கொன்றார். துப்பாக்கி சட்டப் புத்தகம் ஒன்றைக் குடைந்து அதற்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 22 அன்று வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தனது அலுவலகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 'எல்லாரிட்டையும் இருக்கு, எங்களிட்டை மட்டும் இல்லை' என்ற எண்ணம் இப்படித்தான் வருகிறது.

ஆனாலும் அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் 'வேண்டாம்' என்பதுதான். காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பழைய துவக்கின் பழைய கணக்கு

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை ஒழுங்குபடுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பிஸ்டல், ரிவோல்வர் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அரசே இப்போது இறுக்கிப் பிடிக்கிறது. தற்பாதுகாப்புக்காகத் தனியாருக்கு வழங்கிய துப்பாக்கிகளை மீள ஒப்படைக்குமாறு 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அனுமதியோடு வைத்திருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், தேநீர்க்கடையில் பேசப்படும் பிஸ்டல் எந்தவகைப் பிஸ்டல் என்பதை விளக்கத் தேவையில்லை.

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது புத்தகத்தைப் பார்க்கிறோம். முன்னர் யாருடைய பெயரில் இருந்தது, கடன் இருக்கிறதா என்று கேட்கிறோம். கள்ளமாக வரும் பிஸ்டலுக்குப் புத்தகம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு கையெழுத்து உண்டு. குழலின் உட்புறத்தில் உள்ள தவாளிப்புகள் ஒவ்வொரு சன்னத்திலும் கீறலாகப் பதியும். சுடும் ஊசி வெற்றுக் கோதின் அடியில் தன் அடையாளத்தை விடும். பகுப்பாய்வாளர்கள் இவற்றை ஒப்பிட்டே எந்தத் துப்பாக்கி எந்தச் சம்பவத்தில் பயன்பட்டது என்று கண்டறிகிறார்கள். அந்தத் துவக்கால் முன்னர் யாரோ யாரையோ சுட்டிருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைசியாக அதை வைத்திருந்தவர்தான்.

அதோடு, 2025இன் தொடக்கத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில் கூறியதையும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகக் குழுக்களின் கைக்குப் போயிருப்பதாக அவர் சொன்னார். கள்ளச் சந்தையில் வரும் ஆயுதம் எங்கிருந்து புறப்பட்டது என்று வாங்குபவருக்குத் தெரியாது. விற்பவர் யாருக்குத் தகவல் கொடுப்பவர் என்பதும் தெரியாது.

'கைக்கு அடக்கமாச் செய்த' என்பதும் சிறப்பு அல்ல, ஆபத்து. விசையை இலகுவாக்குவதற்காக உள்ளே உள்ள கொளுக்கியை அராவினால், கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும். மாற்றிப் போட்ட குழல் அழுத்தம் தாங்காவிட்டால் சுடுபவரின் கையிலேயே வெடிக்கும். இவற்றைச் சோதித்துப் பார்க்கச் சட்டத்துக்குப் புறம்பாக வாங்கியவருக்கு வழியும் இல்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டம்

தெற்கில் ஒருவர் கள்ளத் துப்பாக்கியோடு பிடிபட்டால் அது பெரும்பாலும் பாதாள உலகச் செய்தியாக வரும். அச்சுவேலியில் ஒரு தமிழர் பிடிபட்டால் முதல் கேள்வியே வேறு: முன்னர் இயக்கத்தில் இருந்தவரா? வெளிநாட்டிலிருந்து காசு வந்ததா? கனடாவில் பிள்ளைகள் இருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. விசாரணை அறையில் அதுவே சந்தேகத்துக்குரிய விடயமாக மாறலாம்.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆயுதம் சேகரிப்பதும் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகும், தடுப்புக்காவல் உத்தரவின் கீழ் 12 மாதங்கள் வரை ஒருவரை வைத்திருக்கலாம். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சான்றாகும் சட்டம் அது. கள்ளனிடமிருந்து காப்பாற்ற வாங்கிய பிஸ்டல், அவரையும் அவருக்குப் போன் எடுத்த உறவினர்களையும் இந்தச் சட்டத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

கையில் இருந்தால் காப்பாற்றுமா?

2017 ஜூலை 22 அன்று நல்லூரில் நடந்ததை நாங்கள் அறிவோம். மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் வாகனத்துக்குப் பாதுகாப்பாகச் சென்ற உத்தியோகத்தரின் இடுப்பிலிருந்த பிஸ்டலைப் பறித்தே ஒருவர் சுட்டார். மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர உயிரிழந்தார். பயிற்சி பெற்ற பொலிஸ்காரரின் இடுப்பிலிருந்தே, பட்டப்பகலில், சில விநாடிகளில் பறிக்க முடிந்தது. நித்திரையிலிருந்து எழும் முதியவரின் அலுமாரியில் இருக்கும் பிஸ்டல் யாருக்குப் பயன்படும்?

ஆபத்து எப்போதும் மதில் ஏறித்தான் வருகிறது என்பதும் இல்லை. 2014 மே மாதத்தில் அச்சுவேலி கதிரிப்பாயில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னணியில் இருந்தது குடும்பப் பிணக்கு. கோபமும் குடியும் மனச்சோர்வும் உள்ள வீட்டுக்குள் துப்பாக்கி வந்தால், அதற்கு முதலில் ஆளாகக்கூடியவர்கள் அந்த வீட்டுக்காரர்களே.

இதைச் செம்மண் தோட்டக்காரர்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்று இலங்கையில் இருந்தது. கொடிய நச்சுள்ள பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின், பத்து ஆண்டுகளில் அந்த வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மனிதரின் துயரம் குறைந்து இது நடக்கவில்லை. அந்த ஒரு மோசமான நேரத்தில், உயிரைப் பறிக்கும் பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்கவில்லை. போரின் இழப்புகளைச் சுமந்தபடி தனியே வாழும் எங்கள் முதியவர்களுக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும்.

ஆயுதத்துக்கு அப்பால்

அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள பலாலியில், 1987 ஓகஸ்ட் 5 அன்று, விடுதலைப் புலிகளின் சார்பில் யோகி ஒரு மவுசர் பிஸ்டலைப் பாதுகாப்புச் செயலாளர் ஜெனரல் சேபால ஆட்டிகலவிடம் ஒப்படைத்தார். ஆயுதம் கைமாறும் அந்தக் காட்சியைப் பார்த்து யுத்தம் முடிந்தது என்று பலர் நம்பினார்கள். ஒக்டோபர் 10ஆம் திகதி மீண்டும் சண்டை தொடங்கியது. பிஸ்டல் மேசைக்கு வந்தது. நம்பிக்கை வரவில்லை.

இன்றைய கேள்வியும் அதுவே. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பின் வந்த 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தைக் காகிதத்தில் கொடுத்தது. நடைமுறையில் அது வரவேயில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. பொலிஸ் நிலையத்தில் தன் மொழியில் முறைப்பாடு கொடுக்க முடியும், கூப்பிட்டால் வருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாத ஊரில்தான் பழைய பிஸ்டல்களுக்கு விலை பேசப்படும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. ஒழுங்கைக்கு லைட் போடக் கேட்டுப் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுக்கலாம். 119க்கு எடுத்த நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்து வைக்கலாம். முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்கலாம். பொலிஸார் பதிய மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தனியே இருப்பவர்களின் தொலைபேசி எண்களை அயலவர்கள் நால்வர் வைத்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் கேட்ட பெரியவர் தேநீரை முடித்துவிட்டுச் சொன்னார்: "சரி தம்பி, பிஸ்டல் வேண்டாம். ஆனா அண்டைக்கு ராத்திரி பொலிஸ் வராட்டி?"

அவருக்கு என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அது போதாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பிலும், அச்சுவேலிப் பொலிஸ் நிலையத்திலும், எங்கள் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் போனவர்களுக்குள்ளும் இருக்கிறார்கள்.