பழைய பிரின்டரை எறிய வேண்டாம்

வீட்டில் தட்டச்சு வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்கிறார்: “என்னுடையது லினக்ஸ் போட்ட பழைய கணினி. மகளுடையது விண்டோஸ் 11 மடிக்கணினி. அதில் என் பழைய பிரின்டர் வேலை செய்யவில்லை. விற்றுவிடவா?”

வேண்டாம் தங்கச்சி. பழைய பிரின்டர் பலவற்றுக்குப் புதிய விண்டோஸுக்கான டிரைவர் வருவதில்லை. லினக்ஸில் உள்ள ‘கப்ஸ்’ மென்பொருள் அவற்றில் பலதையும் இயக்கும். பிரின்டரைப் பழைய கணினியிலேயே பொருத்தி, பிரின்டர் அமைப்பில் பகிர்வதற்கு அனுமதி கொடுங்கள். இரண்டும் ஒரே ரவுட்டரில் இருந்தால் மடிக்கணினியிலும் அதைச் சேர்க்கலாம். அச்சிடும் நேரம் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிரின்டரைத் திட்டுவோரில் நானும் ஒருத்தி.

கோப்புகளைப் பகிர ‘சம்பா’ உண்டு (அரிசி அல்ல!). இங்கேதான் கவனம். காணி உறுதி, மரண அத்தாட்சிப் பத்திரம், காணாமற்போனவர் பற்றிய முறைப்பாட்டுப் பிரதிகள் எல்லாம் அந்தக் கணினியில்தானே இருக்கின்றன? வைஃபை கடவுச்சொல் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே ஒரேயொரு கோப்புறையை மட்டும், வேறொரு கடவுச்சொல்லுடன் பகிருங்கள். திருத்த வருபவர் ‘எஸ்எம்பி 1’ என்ற பழைய முறையை இயக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2017இல் வன்னாகிரை வைரஸ் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது.

அந்தப் பத்திரங்களின் பிரதியை இன்றே ஒரு பென்டிரைவிலும் எடுத்து வையுங்கள்.