சோடி பார்த்து மாற்றுவோம்

பிஸ்ரன் இறுகி நின்ற சங்கிலிவாளைத் திருத்தும்போது, செலவைக் குறைக்கவெனப் பழைய சிலிண்டரைப் பாராமலே புதிய பிஸ்ரனை மட்டும் போடும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. லொறி எஞ்சினின் வார்ப்பிரும்புச் சிலிண்டரைக் கடைந்து, அளவு கூடிய பிஸ்ரன் போடலாம். சங்கிலிவாளின் அலுமினியச் சிலிண்டருக்குள் இருப்பதோ குரோமியம் அல்லது நிக்கல் கலந்த மெல்லிய பூச்சு. கடைந்தால் அதுவே போய்விடும்.

பூச்சு உரிந்திருந்தால் இரண்டையும் சோடியாகவே மாற்றவேண்டும். பிஸ்ரனின் அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்தால், அதை நீக்கிச் சிலிண்டரைத் திரும்பவும் பாவிக்கலாம். அப்போதும் சிலிண்டரில் அளவுக் குறியீடு பொறித்திருந்தால், அதற்கு ஒத்த பிஸ்ரனையே வாங்குவோம்.

இறுகிய காரணத்தையும் தேடுவோம். 50:1 கலவை கேட்கும் வாளுக்கு, ஒரு லீற்றர் பெற்றோலுடன் 20 மில்லிலீற்றர் ஓயில் சேர்த்தோமா? காற்றுக் கசிவு உண்டா? இவற்றைப் பாராவிடின் புதிய சோடியும் இறுகும். கூலிக்கு மரம் அரிபவரே வேலைநாட்களை இழப்பார்.