கற்றவனுக்கு விலக்கு, சரி, கல்லாதவனுக்குமா?

கத்தரிக்கோல் பிடிக்க ஆயிரம் மணி நேரம்; கைத்துப்பாக்கி பிடிக்க ஒரு மணி நேரமும் வேண்டாம்! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை நாம். அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தின் சட்டம் சொல்லுகிறது. அங்கே முடிதிருத்தும் தொழிலுக்கு உரிமம் பெற 1,000 மணி நேரம் பயில வேண்டும். இடுப்பிலே கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு கடைவீதியிலே உலவவோ, 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதுமில்லாதவராக இருந்தால் போதும்!

என்றும் இப்படித்தானா? இல்லை.

1991 அக்டோபர் 16. கில்லீன் நகரத்து உணவுவிடுதி ஒன்றிலே வெறியன் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். தாயையும் தந்தையையும் அங்கே பறிகொடுத்த சுசானா ஹப் என்ற அம்மையார், சட்டத்துக்கு அஞ்சித் தம் துப்பாக்கியைக் காரிலே விட்டுவந்த வேதனையை எடுத்துரைத்தார். 1995இல் சட்டம் பிறந்தது. மறைத்து ஏந்தலாம்; ஆனால் உரிமம் வேண்டும்; உரிமத்துக்கு 10 முதல் 15 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றனர். 2013இல் அது 4 முதல் 6 மணி நேரமாகச் சுருங்கிற்று.

என்ன பயிற்சி? 50 குண்டுகள் சுட்டுத் திறமை காட்டவேண்டும். அத்துடன், எப்போது சுடலாம், எப்போது சுடலாகாது என்ற சட்டம். சச்சரவை அடிதடியின்றித் தீர்க்கும் வழி. குழந்தை கைக்கு எட்டாமல் துப்பாக்கியை வைக்கும் முறை — இவற்றையும் வகுப்பிலே கற்கவேண்டும்.

விலக்கும் உண்டு. படையிலே கைத்துப்பாக்கி பழகியவருக்குச் சுடும் பயிற்சி வேண்டாம் என்றனர். நியாயந்தான்! நீந்தத் தெரிந்தவனுக்கு நீச்சல் எதற்கு? ஆனால் கவனியுங்கள்: சட்ட வகுப்பிலிருந்து அவருக்கும் விலக்கில்லை! போர்க்களம் வேறு, கடைவீதி வேறு என்பதை உணர்ந்த விதி அது.

2021 செப்டம்பர் 1 முதல் உரிமமே கட்டாயமில்லை என்றாகிவிட்டது. விரும்புவோர் பெறலாம், வேண்டாதோர் விடலாம். களம் கண்ட வீரன் அன்று கற்கவேண்டியிருந்ததை, துப்பாக்கியை நேற்று வாங்கிய இளைஞன் இன்று கற்கவேண்டியதில்லை! கற்றவனுக்குத் தந்த சலுகை, கல்லாதவனுக்கும் உரிமையாயிற்று. 2024க்குள் 29 மாநிலங்கள் இவ்வழியே சென்றுவிட்டன.

"தற்காப்பு அரசியல் சட்டம் தந்த உரிமை; ஏழை எப்படிக் கட்டணம் கட்டுவான், வேலையை விட்டு வகுப்புக்கு வருவான்?" என்கின்றனர். ஏழையின் பெயரால் எழும் இக்கேள்வியை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால், கட்டணம் தடையென்றால் கட்டணத்தை நீக்குங்கள். கல்வியை ஏன் நீக்குகிறீர்கள்? 1911ஆம் ஆண்டு நியூயார்க் சட்டத்தின் கெடுபிடியைத் தகர்த்த உச்சநீதிமன்றமே, 2022 தீர்ப்பிலே, பயிற்சி கேட்கும் மாநிலங்களின் உரிம முறையைக் குலைக்கவில்லை. அளவு மீறிய கட்டணமும் தாமதமும் கூடாது என்றுதான் எச்சரித்தது. நியூயார்க்கோ, அவ்வாண்டே 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் விதித்தது.

தவறிப் பாயும் குண்டு, ஏழை என்றும் செல்வன் என்றும் பார்ப்பதில்லை. ஏந்துபவனுக்கு உரிமை உண்டெனில், எதிரே நடப்பவனுக்கு உயிர் உண்டு! துப்பாக்கியை எடுக்க எவரும் கற்றுவிடலாம். எடுக்காமலிருக்கக் கற்பிப்பதே அந்த வகுப்பு. அதன் கதவையா மூடுவது?